குழாயைத் தட்டியது யார்

நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்தச் சத்தம் மூன்று தட்டலாக வந்தது என்பது என் நினைவு. முதல் தளத்து கென்னாதி லூக்கிச் நான்கு என்று சாதிப்பார். எங்கள் ஊரான கரகண்டாவில் அந்த வருடம் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரைக் குழாயில் விட்டது அக்டோபர் பாதியிலா கடைசியிலா என்பதும் மறந்துவிட்டது. முதல் பனி விழுந்து கரைந்திருந்தது. அதற்குச் சில நாள் கழித்து நாலாம் தளத்து குல்பாரம் மூன்றாம் தளத்தில் என் வாசலில் வந்து நின்ற நிற்பு மட்டும் மறக்கவில்லை. கையில் ஒரு தட்டு, அதன்மேல் துணி. பொரித்த மாவு உருண்டைகளின் வாசனை வந்தது.

“மினுவார், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“பச்சப் புள்ளன்னா அழத்தான் செய்யும். நீ பொஸ்தகம் படிக்கிறவ, உனக்கு அமைதி வேணும். எல்லாம் புரியுது. அதுக்காக தெனமும் குழாயத் தட்டணுமா?”

எதற்கும் பதில் சொல்ல எனக்கு நேரமாகும். கேள்வியை உள்ளே எடுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். குல்பாரமும் வந்திருந்தாள். தட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பொறந்து நாப்பது நாள் கழிஞ்சதும் ரவ்ஷான் புள்ளயத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறா. வழக்கந்தான், போகட்டும். ஆனா திரும்பி வர்ற எண்ணம் இல்ல. பெட்டியில கோடத் துணியும் சேத்து மடிச்சு வச்சிருக்கா. நான் பாத்துட்டேன். எம்மவன் சயானோ காஸ்பியன் கரையில எண்ணெக் கெணத்துல கெடக்கான். நான் என்னன்னு சொல்லி மருமகள நிறுத்துவேன்?”

“நான் தட்டலக்கா,” என்றேன் கடைசியில். “நீங்கதான் மேலேர்ந்து தட்டுறீங்கன்னு நெனச்சேன்.”

“நல்லாருக்கே! எங்க புள்ளைக்கு நாங்களே தட்டிக்கிறமாக்கும்?”

எங்கள் கட்டடத்தில் ஐந்து தளங்களின் அறைகளையும் ஒரே குழாய் துளைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு ரேடியேட்டருக்குச் சூடு கொடுத்துவிட்டு அடுத்த தரைக்குள் நுழையும். மேல்வீட்டில் பாட்டுச் சத்தம் மிஞ்சினால் யாரும் படியேறிப் போய்ச் சண்டை போடுவதில்லை. கரண்டியால் குழாயில் நாலு தட்டு. அது எங்கள் நாகரிகம். அதனால் குழாய் தட்டினால், பின்னால் ஒரு கை இருக்கிறது என்றுதான் இங்கே எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கை இல்லை என்றால் யாருடைய கை?

மறுநாள் சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குழாயருகே உட்கார்ந்தேன். மரக்கரண்டியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதில் அழுத்திக்கொண்டேன். உள்ளே ஒரு பெரிய ஊர் இருந்தது. தண்ணீர் ஓடியது, எங்கோ குமிழி கொப்பளித்தது, யாரோ நாற்காலி இழுத்தார்கள். வெளியே குளிர் ஏற ஏறக் குழாயும் சூடேறி, கை வைக்க முடியாமல் போனது. முதலில் நகம் சொடுக்கியது போல ஒரு ஒலி. பிறகு டக், டக், டக். சற்றுப் பொறுத்துக் கீழிருந்து மணி போலத் தெளிவாக இரும்புச் சத்தம். அது அடங்கியதும் மேலே எங்கிருந்தோ மந்தமாக இரண்டு. இது ஒரே ஆள் இல்லை. குழாய்க்குள் ஒரு சண்டையே நடந்துகொண்டிருந்தது.

முதல் தளத்துக்கு இறங்கிப் போனேன்.

“ஆமா, தட்டினேன்!” என்றார் கென்னாதி லூக்கிச். “ஸ்பேனரால தட்டினேன். அஞ்சாம் தளத்து லிகாய் அம்மா தெனம் ஆரம்பிக்கிறாங்க. பதில் சொல்லாம இருக்க நான் என்ன சுவரா?”

ஐந்தாம் தளத்துக்கு ஏறிப் போனேன். லிகாய் அம்மா கொரியக்காரர், பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

“நான் செருப்பாலதான் தட்டினேன். ரெண்டே தடவ. ஆரம்பிக்கிறது அந்த ஆளு. குடிச்சா கை சும்மா இருக்காது.”

இதைக் கீழே சொன்னதும் கென்னாதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நானா? கேஃபிர் மோர் தவிர எதையாவது தொட்டு எத்தன வருஷமாச்சு!”

இருவரிடமும் இனித் தட்டுவதில்லை என்று வாக்கு வாங்கினேன். இரண்டாம் தளம் பூட்டியே கிடந்தது, அதன் சொந்தக்காரர்கள் வேறு ஊரில். அன்று சாயங்காலமும் டக், டக், டக். இருவரும் வாக்கு தவறியது மற்றவர்தான் என்று எனக்குப் போன் செய்தார்கள்.

குழாய்க்காரர் ராவிலைக் கூப்பிட்டோம். லிகாய் அம்மா வீட்டு ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டார். அது சீறியது, துப்பியது, கடைசியில் கறுப்புத் தண்ணீர் வந்தது. கொப்பளிப்பு நின்றது. தட்டல் நிற்கவில்லை.

“அப்ப மனுஷந்தான் தட்டுறான்,” என்றார் ராவில் தொப்பியைப் போட்டுக்கொண்டே. “மனுஷன முடுக்குற ஸ்பேனர் எங்கிட்ட இல்ல.”

ரவ்ஷானிடமே பேசிவிடலாம் என்று நாலாம் தளத்துக்குப் போனேன். நாற்பது நாள் ஆகாத குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் பேசினாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“நீங்க இல்லன்னே வச்சுக்குவோம்க்கா. யாரோ ஒருத்தருக்கு எங்கள ஆகல. புள்ள வாயத் தொறக்கவும் அங்க தட்டவும் சரியா இருக்கு.”

“எப்ப அழுவான்?”

“சாயங்காலம், குளிப்பாட்டும்போது.”

“குழாய் சூடாகுறதும் சாயங்காலந்தான்.”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்று கதவைச் சாத்தினாள்.

படியிலேயே நெடுநேரம் நின்றேன். ஆள்தான் தட்டுகிறது என்று அவளுக்கும், சூட்டில் குழாயே தட்டுகிறது என்று எனக்கும் அந்த ஒரே நேரம் சாட்சி சொல்கிறது. வாயால் சொல்லி அவளை நம்ப வைக்க முடியாது. சந்தேகப்பட்ட எல்லாக் கைகளும் அவள் கண்முன் இருக்கும்போது குழாய் தட்ட வேண்டும். அப்படி எல்லோரும் அந்த அறைக்குள் நுழையக்கூடிய முதல் நாள், நாற்பதாம் நாள் சடங்கு. அதுவே அவள் கிளம்புவதற்கு முந்தின நாளும்கூட.

“சாயங்காலமா வைங்கக்கா,” என்று குல்பாரத்திடம் கேட்டேன். “இந்தக் குழாய் போற வீட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிடுங்க. கென்னாதியையும்.”

“ஆம்பளையையா? நாப்பதுக்கா?”

“வாசப்படியில நிக்கட்டும். கை ரெண்டும் தெரியணும்.”

“பொஸ்தகம் படிச்சுப் படிச்சு போலீசா ஆயிட்டியா நீ?” என்ற குல்பாரம், ஒத்துக்கொண்டாள்.

அன்று அறை நிறைந்துவிட்டது. வெள்ளிக் காசும் மோதிரமும் போட்ட கிண்ணத்திலிருந்து ஆளுக்குச் சில கரண்டி தண்ணீர் எடுத்து, வாழ்த்துச் சொல்லிக் குழந்தையின் மேல் ஊற்றினார்கள். நாற்பது கரண்டி. பையன் முகம் சிவக்கக் கத்தினான். ரவ்ஷான் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி லிகாய் அம்மாவிடம் போனது.

டக்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பையன்கூட ஒரு மூச்சு நிறுத்தினான். டக், டக். வாசற்படியில் கென்னாதி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார், பிடிபட்ட திருடன் மாதிரி.

“நான் இங்க இருக்கேன்! எல்லாரும் பாத்துக்குங்க!”

யாரோ சிரித்தார்கள். ரவ்ஷான் சிரிக்கவில்லை. குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயைப் பிடித்தாள். மேலே பிடித்தாள், நடுவில் பிடித்தாள், பிறகு மண்டியிட்டு, அது தரைக்குள் இறங்கும் இடத்தைப் பிடித்தாள். மறுபடி ஒரு டக் வந்தது.

“இங்கதான்,” என்றாள். “உள்ள யாரோ இழுத்துப் புடிச்சு விடுற மாதிரி ஒதறுது.”

குழாயைச் சுற்றிப் புதுச் சிமென்ட் இறுகிக் கிடந்தது. குனிந்து பார்த்த லிகாய் அம்மா மெதுவாகச் சொன்னார்: “சூடானா இரும்பு நீளும். நீள வழியில்லாம கட்டிப் போட்டா, முட்டி முட்டி ஒரேயடியா நழுவும். அதான் சத்தம்.”

“பௌதிகம் சொல்லிக் குடுத்த கையா செருப்பெடுத்தது?” என்றார் கென்னாதி, கையை இறக்காமலே.

“சும்மா இருங்க.”

“யாரு பூசினது இத?” என்று கேட்டேன்.

குல்பாரம் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “சயான்,” என்றாள். “வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னால. அந்தச் சந்து வழியா கரப்பான் ஏறும், கீழ்வீட்டுப் புகை வரும், புள்ளைக்கு ஆகாதுன்னு அவன் கையாலயே கொழச்சுப் பூசினான். அவன் வரட்டும். அவன் இல்லாம எப்படி ஒடைக்கிறது?”

ரவ்ஷான் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த ஆறுதல் இல்லை. தொலைந்த பொருள் தன் பையிலேயே கிடந்ததைக் கண்டவள் போல வியப்புத்தான் இருந்தது.

“இத்தன நாளா தட்டினது அவரா?” என்றாள். பிறகு, “ஒடைங்கம்மா. நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

மறுநாள் காலை ராவில் உளியோடு வந்தார். சிமென்டைக் கொத்தி எடுத்து, குழாயைவிட அகலமான தகரக் குழல் ஒன்றைச் சுற்றிப் பொருத்தினார். இடைவெளியில் திணிக்கக் கம்பளியை அமுக்கிச் செய்த நமுதா வேண்டும் என்றபோது, குல்பாரம் தன் படுக்கை விரிப்பின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். ரவ்ஷான் அன்று கிளம்பவில்லை. சாயங்காலம் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். நானும் மேலே போய் உட்கார்ந்தேன். குழாய் சூடேறியது. வெந்நீர் ஓடும் மெல்லிய ஒலி மட்டும். தேநீர் ஆறிப்போகும்வரை மூவரும் காது கொடுத்துக் கேட்டோம்.

“இப்ப சந்துல சிமென்ட் இல்ல, வெறும் கம்பளிதான்,” என்றாள் ரவ்ஷான். “இவன் அழுதா உங்களுக்கு இன்னும் நல்லாக் கேக்குமே?”

இந்த முறை பதில் சொல்ல எனக்கு நேரமாகவில்லை. “கேக்கட்டும்,” என்றேன்.

ரவ்ஷான் வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போய், ஏரிகள் உறைவதற்குள் திரும்பி வந்தாள். சயான் இன்னும் இரண்டு குளிர்காலம் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான். இப்போது பேருந்து ஓட்டுகிறான். பையன் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு தங்கை பிறந்தாள். லிகாய் அம்மா மகளோடு இருக்க அல்மாத்திக்குப் போனார். கென்னாதி லூக்கிச் நுரையீரல் நோயில் இறந்தார். குல்பாரத்துக்கு முழங்கால் வலி, படி இறங்குவதில்லை. நான் மூன்றாம் தளத்திலேயே இருக்கிறேன்.