இரண்டாவது கோடு

பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் சிவப்பு நெல்லை ஒரே கிடங்கில் சேர்த்து விற்றுவந்தன. மரபணு மாற்றாத நெல் என்பதால்தான் வியாபாரி கூடுதல் விலை கொடுத்தார். அந்த வருஷம் வியாபாரி அனுப்பிய பரிசோதகர் வந்து, ஒரு பிடி அரிசியைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, காகிதப் பட்டையை நனைத்தார். ஒரு கோடு விழவேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தன.

“மரபணு மாத்தின கம்பெனி நெல்லு கலந்திருக்கு. மொத்தச் சரக்கும் வேண்டாம்.”

எல்லார் கண்ணும் கிடங்குத் தலைவர் மேல் திரும்பியது. அவருடைய தம்பிதான் பக்கத்து வயலில் கம்பெனி நெல் போட்டவன்.

தலைவர் நேரே தம்பி வீட்டுக்குப் போனார். “பன்னண்டு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டியேடா!”

“வரப்புலேர்ந்து தள்ளித்தானேண்ணா நட்டேன்...”

“இனிமே அண்ணன்னு கூப்பிடாத!”

பின்னாலேயே ஓடிவந்த தலைவரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கலந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியும். அறுவடையன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொழுந்தன் வயலை முடித்த அறுவடை இயந்திரம் அவர்கள் வயலுக்குத் திரும்பியது. “உள்ள அவர் நெல்லு தங்கியிருக்குக்கா. சுத்தம் பண்ண ஒரு மணி நேரமாகும்” என்றான் டிரைவர். “மழை வந்தா எல்லாம் போச்சு, அப்படியே இறக்குப்பா” என்று அவசரப்படுத்தியவள் அவள்தான்.

நான்காம் நாள் கிடங்கில் கூட்டம் போட்டு, கொழுந்தன் வயலுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று பேசினார்கள். அவள் எழுந்து நடந்ததைச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. இருபது வருஷம் அவளோடு சேர்ந்து நாற்று நட்டவள் மட்டும், “அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க மூட்டைய மட்டும் தள்ளி வெச்சிருப்போமேடி. எல்லாரோட விதைநெல்லும் அந்தக் குவியல்லதானே இருந்துச்சு” என்றாள். கணவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் கொழுந்தனிடம் போனாள். “தப்பு என்னுது தம்பி.”

“தெரியும் அண்ணி. டிரைவர் அன்னைக்கே சொன்னான்.”

“அப்ப ஏன் வாயத் திறக்கல?”

“அண்ணன் உங்கள ஏதாவது சொல்லிடுவாரு. என்னைத் திட்டுறது அவருக்குப் புதுசா?”

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

சிவப்பு நெல் கோழித்தீவன ஆலைக்குப் போனது. வேறெங்கும் அந்த விதை கிடைக்கவில்லை. அடுத்த விதைப்புக்கு அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் கம்பெனி விதைக்கடை வரிசையில் நின்றன. அண்ணனும் தம்பியும் அதே வரிசையில்தான் நின்றார்கள், பேசிக்கொள்ளவில்லை. இருபது வருஷம் சேர்ந்து நாற்று நட்டவள் அவளுக்கு முன்னால் நின்றாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.