கீழ் வீட்டுப் பூ

மார்ச் 9

இன்றைய தவறு: இரண்டு பூக்களுக்கு ஒரே எண்ணை ஒட்டிவிட்டேன். பதினேழு இரண்டு முறை வந்திருக்கிறது. லேபில் ரத்தக் குப்பிக்கு இப்படி ஒட்டியிருந்தால் வேலை போயிருக்கும். ஆகவே இன்றையதோடு சேர்த்து இதுவரை பூத்த பூக்கள் இருபத்திரண்டு அல்ல, இருபத்து மூன்று.

முதல் வரியில் அன்றன்றைய தவறை எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பில் பயிற்சியாளர் போட்ட விதி. செடி வளர்ப்பவர் தவறே செய்யாத நாள் என்றால் அன்று அவர் செடியைப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம். எனக்கு இந்த விதி சிரமமில்லை. ஒரே ஒரு தவறைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

கொடி, பேஷன் புரூட். வகுப்பில் கொடுத்த இரண்டு பதியன்களை இரண்டு தொட்டிகளில் வைத்து, பால்கனிக் கம்பியில் ஏற்றினேன். ஏழு மாதத்தில் மேல்கம்பியைத் தொட்டுவிட்டது. பூ மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது. லேப் வேலை பதினொன்றரைக்கு முடிவதால் ஓடி வந்துவிடுகிறேன். எங்கள் தெருவில் வண்டு கிடையாது. பஞ்சுக் குச்சியால் ஒரு தொட்டியின் மகரந்தத்தை எடுத்து மற்றத் தொட்டியின் பூவில் தடவுகிறேன். மூன்றாம் நாள் பூ காம்போடு கழன்று விழுகிறது. இதுவரை எல்லாம் அப்படித்தான் விழுந்தன.

இன்று தடவிக்கொண்டிருந்தபோது மாமா பின்னால் வந்து நின்றார். மாமா என்றால் அக்காவின் கணவர். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். இது அவர் வாடகைக்கு எடுத்த வீடு.

"என்ன, பூவுக்கு மூக்கு ஒழுகுதா? துடைச்சு விட்டுட்டு இருக்கே?"

நான் குச்சியை டப்பாவில் போட்டேன்.

"இருபதாம் தேதி கண்ணாடிக்காரர் வர்றார். பால்கனியை மூடப் போறேன். என் மோட்டார் பெட்டியெல்லாம் ஹால்ல கிடந்து மழைக்கு ஒதுங்கின மாடு மாதிரி நிக்குது."

"மாமா, அப்ப கொடி?"

"அதான் குப்பை வண்டி தினமும் வருதே."

"நான் எங்க உட்கார்ந்து படிக்கிறது?"

"படிக்கிறவங்க எங்க வேணா படிப்பாங்க. ஹாஸ்டல்லகூடப் படிப்பாங்க."

சமையலறையில் அக்கா குழாயை நிறுத்தினாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி திறந்தாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

நான் இந்த வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துத் தூங்குகிறேன். என் துணிகள் அக்காவின் அலமாரியில் கீழ்த் தட்டில். என்னுடையது என்று சொல்ல ஆறடிப் பால்கனி மட்டும்தான். அதுவும் போனால் நான் போகவேண்டியதுதான் மிச்சம். மாமாவுக்கும் அது தெரியும்.

"ஒரு காய் பிடிச்சா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

மாமா சிரித்தார். "இருபதுக்குள்ள ஒரே ஒரு காய் காட்டு. நான் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. நீயாச்சு, உன் காடாச்சு."

மார்ச் 12

இன்றைய தவறு: வகுப்பில் கேள்வி கேட்கக் கை தூக்கிவிட்டு, பயிற்சியாளர் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல் இறக்கிவிட்டேன்.

பிறகு கேட்டேன். "ரெண்டு தொட்டி இருந்தும் காய் பிடிக்கல. என் தடவுற முறை தப்பா?"

பயிற்சியாளர் வாயைத் திறக்கும் முன், முன் பெஞ்சிலிருந்த பேங்க்காரர் சொன்னார்: "எனக்கும் கொட்டுது." பக்கத்து பெஞ்சில் நர்ஸ் அக்கா: "எனக்கும்." பதினான்கு பேரில் ஒன்பது பேரின் கொடி பூத்திருக்கிறது. ஒன்பது பேருக்கும் ஒரு காய்கூட இல்லை.

பயிற்சியாளர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "பதியன் எல்லாம் ஒரே தாய்க்கொடியிலேர்ந்து எடுத்தது. இந்த மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. வேற விதையில முளைச்ச கொடி வேணும். இதை மூணாவது வகுப்பிலேயே சொன்னேன்."

"நீங்க சொல்லல சார்."

"சொன்னேன். நீங்க எழுதல."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒன்றுவிடாமல் எழுதுகிறவள் நான்தான். மூன்றாவது வகுப்பைப் புரட்டினேன். உரம், மண், தொட்டியின் ஓட்டை. இது இல்லை. ஆனாலும் அவர் சொல்லி, அப்போது என் பேனா தீர்ந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். அந்தப் பக்கத்தில் பாதியில் மை நிறம் மாறியிருக்கிறது.

"அப்ப நாம பதினாலு பேரும் ஒரே செடிக்குப் பதினாலு வீட்டுல தண்ணி ஊத்திட்டு இருக்கோம்," என்றார் பேங்க்காரர்.

பயிற்சியாளர் அடுத்த பாடத்துக்குப் போனார். வேறு கொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, "தேடுங்க," என்றார்.

தேட வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், டெய்லர் அம்மாவின் ஜன்னல் கம்பியில் ஒன்று படர்ந்திருக்கிறது. அதில் காய்கள் தொங்குகின்றன. மேலிருந்து குனிந்து எண்ணியிருக்கிறேன். ஆறு.

மார்ச் 13

இன்றைய தவறைப் பிறகு எழுதுகிறேன்.

லேபிலிருந்து வந்ததும் நேராகப் போய் டெய்லர் அம்மாவின் கதவைத் தட்டினேன். தையல் மெஷின் நிற்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. டெய்லர் அம்மா காலை மிதிப்பலகையிலிருந்து எடுக்காமலே, "என்ன?" என்றார்.

"உங்க கொடில பூ பூத்திருக்கு. ஒரு பூ வேணும். மகரந்தத்துக்கு."

மெஷின் நின்றது.

"உன் மாமா மாடியிலேர்ந்து எச்சில் துப்புறான். உன் அக்கா என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. நீ பூ கேட்டு வந்திருக்கே. நல்லா இருக்கு உங்க குடும்பம்."

ஜன்னலருகே பெயின்ட் வாளி. அதில் மூன்று தண்டுகள். கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைப் போட்டதாம். விதை ஒவ்வொன்றும் தனிச் செடி. அதனால்தான் காய்க்கிறது. மெஷினில் பஞ்சு துடைக்கும் சின்ன பிரஷ்ஷால் அவரே பூக்களைத் தடவுகிறார். குறிப்பேடும் இல்லை, எண்ணும் இல்லை.

"என்னத்துக்கு உனக்குக் காய்?"

மாமா சொன்னதைச் சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணாடி போட்டா எனக்கும் நல்லதுதான். மேலேர்ந்து இலை விழாது. நான் ஏன் உனக்குப் பூ தரணும்?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன். படியேறியிருக்கலாம். அப்போதுதான் சுவரில் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். தோளில் காபி நிறத்தில் கறை. அவர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

இதுதான் நான் எழுதாத தவறு. ஜனவரி 28. தொட்டிக்கு அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். தொட்டியின் அடியில் தட்டு இல்லை. மண் கரைந்த நீர் பால்கனி ஓரமாக ஒழுகிக் கீழே காய்ந்த நான்கு கோட்டுகளில் விழுந்தது. பல் ஆஸ்பத்திரிக்குத் தைத்தவை. டெய்லர் அம்மா மேலே வந்து கத்தினார். நான், "எங்க தண்ணி இல்ல. நாலாம் மாடி ஏசி தண்ணியா இருக்கும்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் நாலாம் மாடிக்குப் போய்விட்டார். அன்று அவர்கள் பேசிய பேச்சு தெருமுனை வரை கேட்டது. நாலாம் மாடிக்காரர் பதிலுக்கு வீட்டு ஓனரிடம் புகார் சொன்னார். மாலை ஆறு மணிக்கு மேல் தையல் மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து டெய்லர் அம்மா விடிந்ததும் உட்கார்ந்து ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பறக்கிறார்.

"அந்தக் கறை," என்றேன். "அது ஏசி தண்ணி இல்ல. என் தொட்டி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஒன்றரை மாசம்," என்றார். "தினமும் இந்தப் படியில என்னைத் தாண்டிப் போனே. வணக்கம்கூடச் சொன்னே."

"ஆமா."

"பூவுக்காகச் சொல்றியா?"

"ஆமா," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மேல வா. அந்த நாலாம் மாடி ஆளுகிட்ட என் முன்னாடி சொல்லு. சொன்னா ஒரு பூ. ஒண்ணே ஒண்ணு."

"இப்பவா?"

"நாளைக்கு. அவன் பதினொண்ணே முக்காலுக்குச் சாப்பிட வருவான். எனக்குக் கைவேலை கிடக்கு."

மார்ச் 14

இன்றைய தவறு: பேசுவதற்கு மூன்று வாக்கியங்கள் எழுதிவைத்து, இரண்டாவதிலிருந்து தொடங்கினேன்.

நாலாம் மாடிக்காரர் கதவைத் திறந்தபோது வாயில் சோறு. எனக்குப் பின்னால் இரண்டு படி கீழே டெய்லர் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். அவரைப் பார்த்ததும் இவர் முகம் இறுகியது.

"உங்க ஏசி மேல தப்பு இல்ல," என்றேன். "தண்ணி என்னோடது. ஜனவரில. நான்தான் உங்க பேரைச் சொன்னேன்."

அவர் மெதுவாக மென்று விழுங்கினார். "என்ன படிக்கிறே?"

"செடி வளர்ப்பு. மாலை வகுப்பு."

"அங்க இதைத்தான் சொல்லித் தர்றாங்களா? ஊத்துறது நீ, திட்டு வாங்குறது நான்?" பிறகு என் தலைக்கு மேலாகப் படியைப் பார்த்தார். "அந்தம்மா என் ஏசியைச் சாக்கடைன்னாங்க. என்னை அதுக்குள்ள இருக்கிற பெருச்சாளின்னாங்க."

"சொன்னேன்," என்றார் டெய்லர் அம்மா. "ஏசி விஷயத்துல தப்பு. பெருச்சாளி அப்படியேதான் இருக்கட்டும்."

"சார், ஓனர்கிட்ட கொடுத்த புகாரை..."

"வாபஸா? மாட்டேன். ஆறு மணிக்கு மேல நிம்மதியா இருக்கு. பழகிட்டேன்."

கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. நான் சொன்னதால் ஒன்றுமே மாறவில்லை. படியில் இறங்கும்போது, "உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமப் போச்சு," என்றேன்.

"அவன் மனசு மாறும்னா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? உன் வாயால சொல்லணும். அதுக்குத்தான்." தன் வீட்டுக்குள் போய், ஜன்னலில் கத்தரிக்கோலால் ஒரு பூவைக் காம்போடு வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இதோட கணக்கு தீர்ந்துச்சுன்னு நினைச்சிராதே. கோட்டு கறை கோட்டுல இருக்கு."

என் கொடியில் இன்று மூன்று பூக்கள். எண் 24, 25, 26. திறந்து ஒரு மணி நேரம் ஆக வேண்டும். நடுவில் நிற்கும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் மூன்று பச்சை முனைகளும் அப்போதுதான் கீழே வளையும். ஒன்றே காலுக்கு வளைந்தன. புதுப் பஞ்சுக் குச்சி. கீழ் வீட்டுப் பூவின் மகரந்தம் பஞ்சில் மஞ்சளாக ஒட்டியது. மூன்று பூக்களுக்கும் தடவினேன். குச்சி சறுக்கியதால் 25-க்குச் சரியாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 17

இன்றைய தவறு: விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரும்வரை பொறுத்திருக்கலாம்.

25 விழுந்துவிட்டது. 24-ம் 26-ம் இருக்கின்றன. இதழ்கள் சுருங்கி வாடிவிட்டாலும் காம்பு விடவில்லை. இரண்டின் நடுவிலும் பட்டாணி அளவில் ஒரு பச்சை உருண்டை. நேற்று மிளகளவு இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அவர் கிட்ட இப்பவே சொல்லாதே. வேணும்னே கை பட்டுடும்," என்றாள். அவள் வாயிலிருந்து அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை கேட்டது இதுதான் முதல் தடவை. உடனே பால் பொங்குகிறது என்று ஓடினாள்.

மார்ச் 20

இன்றைய தவறு: மாமா முன்னால் சிரித்துவிட்டேன்.

கண்ணாடிக்காரர் பத்து மணிக்கே அளவு டேப்போடு வந்துவிட்டார். நான் லேபுக்கு லீவு போட்டிருந்தேன். மாமா கொடியை விலக்கி வழிவிடக் கை நீட்டியபோது, "மாமா, இதைப் பாருங்க," என்றேன்.

இரண்டு காய்கள். நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டிருந்தன. பளபளவென்று பச்சை. மாமா ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். நூலால் கட்டியிருக்கிறேனோ என்று காம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்கி ஒட்டிட்டியா?"

"இழுத்துப் பாருங்க."

அவர் இழுக்கவில்லை. கண்ணாடிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "என்ன சார், அளக்கவா வேண்டாமா?" என்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியவில்லை.

மாமாவின் முகம் கறுத்தது. "சொன்னா சொன்னதுதான். வேண்டாம், போங்க," என்று அவரை அனுப்பினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் இல்லாததுபோல் சொன்னார்: "உன் தங்கச்சி ஜெயிச்சுட்டா. இனிமே அவளுக்கு இந்த வீட்டுல பால்கனி இருக்கு. ஹால் இல்ல. பாயை அங்கேயே விரிச்சுக்கட்டும்."

"மழை வந்தா?" என்றாள் அக்கா.

"அவ காட்டுல அவ நனையட்டும்."

மாலைக்குள் பாயையும் துணிப்பையையும் பால்கனியில் வைத்தேன். கால் நீட்டினால் தொட்டி இடிக்கிறது. குறுக்காகப் படுத்தால் இடம் போதும். நான் ஜெயித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் ஹாஸ்டலுக்குப் போகவில்லை.

நாளை: காலையில் இரண்டு தொட்டிகளுக்கும் அடியில் தட்டு வாங்கி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எண் 27, 28 திறக்கும். அதற்குள் கீழே போய் டெய்லர் அம்மாவிடம் இன்னொரு பூ கேட்க வேண்டும்.