வாசலில் ஒரு லோடு மரச்சீவல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டுச் சண்டையிலிருந்து எடுத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: “காலைப் பொன்னொளியில் மரச்சீவல் குவியல் ஒரு மாமலையென...”

[சே! அடித்தாயிற்று. குவியல் இடுப்பு உயரம். கேட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவ்வளவுதான்.]

2.

கதாநாயகர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். (முதலில் பேராசிரியராக வைத்துப் பார்த்தேன். மனுஷர் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது.) வெயில் காலத்துக்கு முன்னால் அவர் தோட்டத்துக்கு மூடாக்குப் போட வேண்டும். மண் காயாமல் இருக்கச் செடிகளின் அடியில் மரச்சீவலைப் பரப்பும் வேலை. நாலு மூட்டை போதும். அவர் லாரி நிறைய வரவழைத்துவிட்டார்.

“ஏங்க, உங்களுக்கென்ன பைத்தியமா?” என்றாள் மனைவி.

“பாதி வண்டி காலியா வர்றதை நான் எப்படிடி பார்த்துக்கிட்டு இருப்பேன்?”*

வேடிக்கை இருக்கட்டும். போன வருஷம்தான் அவருக்கு முதுகில் ஆபரேஷன். இன்னொரு தடவை பிசகினால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவரோ, சொந்தத் தோட்டத்தைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாதவன் எதற்கு உயிரோடு இருக்கணும் என்கிறார். ஆள் வைப்பதா, வேண்டாமா? இதுதான் கதை.

* சிரிக்காதீர்கள். சீட்டெல்லாம் நிரம்பினால்தான் வண்டியை எடுப்பேன் என்று காலம் தள்ளிய மனுஷர்.

3.

மனைவி ஒரு தோட்டக்காரியை வரச் சொன்னாள். வந்தவள் குவியலைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். அவள் கண்களில் ஓர் ஆழமான... [ஆழமெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு அவசரம்.]

“எவ்ளோ பெரிய பஸ்ஸை ஓட்டினவன்மா நான். இதைச் செய்ய மாட்டேனா?”

“நல்லா செய்வீங்க சார். ஆனா நான் செய்யணும்னா ஒரே ஒரு கண்டிஷன். பக்கத்துல நின்னு இப்படிப் போடு, அப்படிப் போடுன்னு பேசக்கூடாது.”

“என் தோட்டம்மா இது!”

“உங்க பஸ்ல என்ன போர்டு மாட்டியிருந்தீங்க?”

‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’ அதைக் காட்டியே டிரைவர் எத்தனை பேர் வாயை மூடவைத்திருக்கிறார்! மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

4.

முடிவு ஒன்று: ஆள் வைக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் வேலை செய்வதைப் பார்க்கிறார். நல்ல முடிவுதான். ஆனால் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தபோது எனக்கே அழுகை வந்தது.

முடிவு இரண்டு: தானே தூக்குகிறார். முதுகில் சுரீரென்று...

[முடிக்கவில்லை. இவ்வளவு பழகிய மனுஷரை நானே படுக்கையில் தள்ளுவேனா?]

மூன்றாவதாக ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியின் குரல், இந்தத் தடவை சத்தமே போடாமல்: “செடி காஞ்சா காயட்டும்ங்க. எனக்கு நீங்க நடமாடிக்கிட்டு இருக்கணும்.”

இதற்கு மேல் நான் என்னத்தை எழுதிக் கிழிக்கிறது?

5.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். தோட்டக்காரி கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். குவியலருகே காலிக்கூடை ஒன்று கிடக்கிறது. டிரைவர் அதை எடுக்கக் குனிகிறார். அவளிடம் நீட்டப்போகிறாரா, தானே வாரி நிரப்பப்போகிறாரா? நான் எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

சமையலறை ஜன்னலில் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். திறக்கலாமா என்று கேட்கிறாள். என்னை இல்லை, உங்களைத்தான்.