நாலாவது பை

தாராபுரத்தில் புதுக் கார் வாங்குகிறவர்கள் ஏர்பேக்குகளைத் தாங்களேதான் ஊதித் தர வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு பை. அந்த சீட்டில் உட்காரப் போகிறவரை நினைத்து மனசுக்குள் பயப்படுகிற ஒருவர் ஊதினால்தான் பை உப்பும். ஒருவர் ஒரு பைதான் ஊதலாம்.

நூல் மில்லில் மெக்கானிக்காக இருக்கும் சென்னியப்பன், மனைவி பூங்கொடியையும் ஏழு வயது மகள் தர்ஷனாவையும் ஷோரூமுக்கு அழைத்துப் போனான். பிரேக்கைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பயந்த சுபாவமுள்ளதாக ஒன்று வேண்டும் என்றார்கள். நீல நிறக் காரில் இருப்பது கன்றுக்குட்டியைப் பார்த்தாலே நின்றுவிடும் என்று விற்பனைப் பெண் ரெஜினா சொன்னாள். நீலத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு பைகள். தர்ஷனாவின் பையைப் பூங்கொடி ஊதினாள். பூங்கொடியின் பையைச் சென்னியப்பன் ஊதினான். முன்சீட்டு அம்மா வழித் தாத்தாவுக்கு என்று தர்ஷனா முன்பே முடிவு செய்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவக்க ஊதி முடித்தாள். ஓட்டுகிறவருக்கான நாலாவது பை மட்டும் வாடிய வாழை இலை மாதிரி கிடந்தது.

சென்னியப்பனுக்கு அப்பா அம்மா இல்லை. மறுநாள் மில்லில் கூட வேலை செய்யும் வேலுமணியை அழைத்து வந்தான். வேலுமணி மூச்சு வாங்க வாங்க ஊதினார். பை அசையவில்லை.

"தப்பா நினைச்சுக்காதடா. நீ நல்லாத்தான் ஓட்டுவேன்னு எனக்கு நம்பிக்கை" என்றார் சங்கடத்தோடு.

பை காலியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சென்னியப்பன் ரெஜினாவிடம் கேட்டான்.

"டிரைவர் சீட்டைக் கழட்டிட்டுக் குடுத்துருவோங்க சார். நீங்க ஜன்னல் வழியா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு, பக்கத்துலயே நடந்து ஓட்டிக்கலாம்" என்றாள் ரெஜினா.

வீட்டில் மிச்சமிருந்தது மாமனார் நாச்சிமுத்து. எட்டு வருஷத்துக்கு முன் சென்னியப்பனின் பைக் மழையில் சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த பூங்கொடிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து மாமனார் அவனோடு நேராகப் பேசுவதில்லை. எதையும் மகளிடம்தான் சொல்வார். அவரிடம் போய் எனக்காகப் பயப்படுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது, "நடந்தே ஓட்டிக்கிறேன். எனக்கு நடை பழக்கந்தானே" என்று பூங்கொடியிடம் சொன்னான். தன் வீட்டுக் காரில் தனக்கு இடமில்லையே என்று இருந்தது. எதிரே இருந்த நாச்சிமுத்து ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். நிமிரவில்லை.

காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேளு" என்றார் மகளிடம்.

ஷோரூமில் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் நாலாவது பையின் குழாயை வாயில் வைத்தார். முதல் மூச்சிலேயே பை திமிறி எழுந்தது. இரண்டாவதில் ஸ்டியரிங்கை மறைத்தது.

"போதுங்கய்யா" என்றாள் ரெஜினா.

அவர் நிறுத்தவில்லை. சென்னியப்பன் இரவு வேலைக்குப் போகும் நாட்களில், அவன் பைக் சத்தம் கேட்கும்வரை அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்பது பூங்கொடிக்குத் தெரியும். அவரே சொல்லக் கூடாதென்று சொல்லியிருந்ததால் அவள் சொன்னதில்லை. எட்டு வருஷத்து மூச்சும் வெளியே வந்து தீரப் பத்து நிமிஷம் ஆனது. ரெஜினாவும் இன்னொருவரும் சேர்ந்து பையை மடித்து உள்ளே தள்ளினார்கள்.

நாச்சிமுத்து துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்த சென்னியப்பனைப் பார்த்தார்.

"மாப்ள, சீட்டை இன்னுங் கொஞ்சம் முன்னால இழுத்துக்குங்க. கால் எட்டோணுமில்ல."

"சரிங்க மாமா" என்றான் அவன். கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவியைக் கொடுக்கும்போது, ஸ்டெப்னி டயர் மட்டும் செவ்வாய்க்கிழமை கரூர் பஸ்ஸில் வரும், போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ரெஜினா சொன்னாள். செவ்வாய்க்கிழமை நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். டயர் கடைசியாக இறங்கியது. வழியில் ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். தர்ஷனா அதற்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.