நாற்பத்தேழு மிஸ்டு கால்

எங்கள் பள்ளியில் வெடிகுண்டு கண்டுபிடிக்கப்பட்ட அன்று நான் பத்தாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பி.டி. சார் மாடிப்படியில் நின்று, "எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுங்க" என்று கத்தினார். எண்ணூறு பிள்ளைகளும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று மிதிபட்டு முன்பல் போனது. அன்றைக்கு நடந்த ஒரே சேதம் அதுதான் என்று கரஸ்பாண்டென்ட் சோலையப்பன் பிற்பாடு பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். நானும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை தோறும் பிள்ளைகளின் பையைச் சோதிப்பது எங்கள் பள்ளி வழக்கம். பிளஸ் டூ காவ்யாவின் பையில் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி இருந்தது. அதற்குள் சிவப்பும் கறுப்புமாக ஒயர், சின்ன போர்டு, டேப் சுற்றிய பழைய கீபேட் போன். பி.டி. சார் சினிமா நிறையப் பார்ப்பவர். அவருக்கு அது போதும். வாட்ச்மேன் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியால் பையைக் கொக்கி போட்டு மைதானத்துக்கு இழுத்துப்போனார். தீயணைப்புக்காகத் தொங்கவிட்டிருந்த நான்கு வாளி மணலையும் அதன் மேல் கொட்டினார்கள். அந்த வாளிகள் இறங்கியதை நான் பார்த்தது அன்றுதான்.

போன மாதம்தான் நிலவழகன் என்ற பையன் ரோபோ ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அதிலும் ஒயர் வெளியே தொங்கியது. ஆனால் அட்டைப்பெட்டியில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததால் அது விஞ்ஞானம். அசெம்பிளியில் ஷீல்டு கொடுத்தோம். காவ்யாவின் அப்பா செல்லமுத்து குளத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கடலை போடுகிறவர். அவர் மகள் பையில் ஒயர் இருந்தால் அது குண்டு.

"மிஸ், நீங்க பிசிக்ஸ்தானே? போயிப் பாருங்க, வெடிக்குமா வெடிக்காதான்னு" என்று என்னை மணல் குவியலுக்கு அனுப்பிவிட்டு, சோலையப்பன் ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என் உயிர் அவருக்கு அவ்வளவு லேசு.

நான் பார்க்கவே வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு ஒயரும் எனக்குத் தெரியும். த்ரீ பேஸ் கரண்ட் எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் காவ்யாவின் அம்மா முழங்கால் வலியோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். அந்த நடை போகட்டும் என்றுதான் அவள் இதைச் செய்தாள். வீட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொரு கால் கொடுத்தால் நிற்கும். கண்ட விளம்பரக் காலுக்கெல்லாம் ஓடிவிடக் கூடாது என்று, ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் மணியடிக்கும்படி போனை அமைத்திருந்தாள். சோதித்து முடிக்கும் வரை அந்த நம்பர் என்னுடையது. போனும் என்னுடைய பழைய போன். ஆவூரில் என் வீட்டில் இருந்துகொண்டு காலை ஆறு மணிக்கும் மாலையிலும் நான் அடிப்பேன். அவள் மோட்டார் ரூமில் நின்று பார்ப்பாள். அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க அதைப் பள்ளிக்கு எடுத்துவரச் சொன்னதும் நான்தான். "எம் பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுடி" என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பிள்ளைகளிடம் சொந்த நம்பரைக் கொடுத்ததற்காகப் போன வருடம் கணக்கு சாரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மகன் இதே பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் படிக்கிறான்.

"வெடிக்காது சார். வெறும் போன்தான்" என்றேன்.

அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி. குண்டாக இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பொம்பளைப் பிள்ளையின் பையில் போன் என்பது எங்கள் ஊரில் குண்டைவிடப் பெரிய விஷயம்.

ஆபீஸ் ரூமில் சோலையப்பன் போனை நோண்டினார். "மோட்டார்" என்று சேமித்த ஒரே நம்பரிலிருந்து நாற்பத்தேழு மிஸ்டு கால்.

"மோட்டாராம்! எவன்டி அவன்?" என்றார். "காலைல ஆறு மணிக்கே கூப்புடுறான். அம்புட்டு அவசரமா?"

பி.டி. சார் சிரித்தார்.

"சார், அது மோட்டார் போடுறதுக்கு சார். கால் வந்தா ரிலேன்னு ஒரு சுவிட்ச் இழுக்கும்..." என்று காவ்யா ஆரம்பித்தாள்.

"ஒனக்கு ரிலே தெரியுமாக்கும்? கம்ப்யூட்டர் குரூப் பயலுகளுக்கே தெரியாது. எவன் செஞ்சு குடுத்தான், அதச் சொல்லு."

அதற்குள் செல்லமுத்து வந்துவிட்டார். கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் செம்மண். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். சோலையப்பன் எல்லோர் முன்னாலும் அந்த நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் அழைக்கும் எண் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஆசிரியர்கள் காலையில் போனை அணைத்து ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டி அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த நம்பர் என் போனின் இரண்டாவது சிம். பள்ளி ரிக்கார்டில் இருப்பது முதலாவது.

"பாத்தியா, விஷயம் தெரிஞ்சு அணைச்சுட்டான்" என்றார் சோலையப்பன்.

செல்லமுத்து மகளை அறைந்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது அறையில் அவள் ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஷர்லி மிஸ்ஸக் கேளுங்க சார். மிஸ்ஸுக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். பெட்டியைத் திறந்து போனை எடுத்து வைத்திருந்தால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

அன்றைக்கே டி.சி. கொடுத்தார்கள். நடத்தை என்ற இடத்தில் "திருப்தியில்லை" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. போலீஸுக்குப் போகாமல் விட்டதே பெரிய தயவு என்று சொன்ன சோலையப்பன், இன்னொரு தயவும் செய்தார். அவர் தென்னந்தோப்பில் மோட்டார் போட்டு, தண்ணி பாய்ச்சி, அங்கேயே ஓட்டு வீட்டில் இருந்த ஆண்டியப்பன், காவ்யாவுக்குத் தாய்மாமன். வயது முப்பத்து நாலு.

"வெளிய தெரியறதுக்குள்ள ஒம் மச்சானுக்கே கட்டி வச்சுரு. பதினெட்டு முடிய மூணு மாசந்தானே கெடக்கு? எவன் கேப்பான்?" என்று செல்லமுத்துவுக்கு யோசனை சொன்னார். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்த சிம்மை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், சோலையப்பன் என்னைக் காரில் தோப்புக்கு அழைத்துப்போனார். காவ்யாவிடம் பிடுங்கிய அந்தப் பெட்டி மோட்டார் ரூம் சுவரில் மாட்டியிருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து அவரே மாட்டச் சொல்லியிருக்கிறார்.

"நல்ல சாமான் மிஸ். கடையில எட்டாயிரம் சொல்றான். ஆனா என் போன்ல அடிச்சா ஓட மாட்டேங்குது. பிசிக்ஸ்தானே, பாருங்க."

ஓடாதுதான். அதற்குள் இன்னும் என் நம்பர் மட்டும்தான் இருந்தது. கூசாமல் அதை அழித்தேன். அவர் நம்பரைப் போட்டேன். நாற்பத்தேழு மிஸ்டு காலையும் ஒரேயடியாக அழித்தேன். இரண்டு நிமிட வேலை.

நிமிர்ந்தபோது காவ்யா தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். நைட்டி, மேலே துண்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. நான் என்ன அழித்தேன் என்பதை முழுவதும் பார்த்திருந்தாள். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மிஸ், நிறுத்துறதுக்கு ரெண்டாவது கால் குடுக்கும்போது கொஞ்சம் நேரம் விட்டுக் குடுக்கணும். ஒடனே குடுத்தா ஸ்டார்ட்டர் கருகிரும். சார்ட்ட சொல்லிருங்க" என்றாள்.

"நீ போயி வேலையப் பாரு. வந்துட்டா வாத்தியாரம்மா" என்றார் சோலையப்பன். பிறகு தன் போனை எடுத்து அடித்தார். கிர்ரென்று மோட்டார் பிடித்தது. தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்தது. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். அந்தச் சந்தோஷத்திலேயே, மண்வெட்டியோடு நின்ற ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இனி மோட்டார் போட ஆள் வேண்டாம். தண்ணி திருப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் யாராச்சும் வந்தாப் போதும். மாசம் பொறந்ததும் வீட்டக் காலி பண்ணிக்க."

"மொதலாளி, நாங்க எங்கிட்டுப் போவோம்?"

"அத நீதான் பாத்துக்கணும்."

ஆண்டியப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டான். சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தான். காவ்யாவைப் பார்த்தான்.

"இந்தச் சனியனச் செஞ்சது நீதானடி" என்று கேட்டுக்கொண்டே அவள் முடியைப் பிடித்தான். செம்பு உருண்டு போய்க் கால்வாயில் விழுந்தது.

ஆகஸ்டில் பள்ளியில் அவள் சொன்னதை நம்ப ஒருத்தரும் இல்லை. இன்றைக்கு எல்லோரும் நம்பிவிட்டார்கள். அடி மட்டும் மாறவில்லை. அவள் இந்த முறை என் பக்கம் திரும்பவே இல்லை. வரப்பைப் பார்த்துக்கொண்டே அடி வாங்கினாள்.

"புருசன் பொண்டாட்டி விவகாரம், நமக்கு எதுக்கு" என்று சோலையப்பன் என்னைக் காருக்கு அழைத்துப்போனார். வரும் ஜூனிலிருந்து எனக்கு வேலை நிரந்தரம் என்றார். என் மகனுக்கு என்று நான்கு இளநீரை என் பையில் போட்டார். வாங்கிக்கொண்டேன்.