பெய்-ருங்கின் போன் இணைந்தது

ஹெட்போனை மாட்டியதும் அதற்குள்ளிருக்கும் பெண்குரல் சொன்னது: "பெய்-ருங்கின் போன் இணைந்தது." சற்றுப் பொறுத்து, போனால் போகிறது என்பதுபோல், "லி-யாங்கின் கணினி இணைந்தது" என்றது.

லி-யாங் சோயாப் பாலை ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கணினியைத் திறந்தான்.

அவன் மனைவி பெய்-ருங் ஏப்ரலில் இறந்துபோனாள். வேலைசெய்த இடத்தில் தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தவள் பிறகு எழவில்லை. அவனுக்கு இரண்டு வயது இளையவள், முப்பத்தொன்று. அதற்குப் பிறகு அவன் எதிரில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. மாமியார் "அந்தப் பிள்ளை" என்பாள். மனைவியின் அக்கா பெய்-சுவன் "அவ" என்பாள். அலுவலகத்தில் "உன் வீட்டு விஷயம்" என்பார்கள். அவனும் சொல்வதில்லை. தனியாக இருக்கும் வீட்டில் ஒரு பெயரை யாரிடம் சொல்வது? ஹெட்போன் மட்டும் தினம் காலையில் தவறாமல் சொல்லிவந்தது. தொழிற்சாலையில் பதிந்த குரல்தான். சலவை இயந்திரத்தின் பெயரைக் கொடுத்தாலும் அதே தொனியில் சொல்லும். ஆனாலும் சொன்னது.

இருவரும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ள வாங்கிய ஹெட்போன் அது. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேரும். அவள் போன் படுக்கையறையில், கட்டிலோரத்து மேசையின் இழுப்பறையில் இருந்தது. பின்பக்கம் ஒரு துளை போட்டு சார்ஜர் வயரை உள்ளே விட்டிருந்தான். கடவு எண் அவனுக்குத் தெரியாது. பூட்டிய திரையில் எதையும் மாற்ற முடியாதபடி அவளே வைத்திருந்தாள். ஒருமுறை அணைந்தால் பிறகு எண் கேட்டுக்கொண்டே நிற்கும். வீட்டு வைஃபையில் அது தன்பாட்டுக்கு உயிரோடு இருந்தது. நூலகத்தின் நினைவூட்டல் வரும். காலணிக் கடையின் தள்ளுபடி வரும். அவள் விளையாடிக்கொண்டிருந்த தோட்ட விளையாட்டு நாளைக்கு நாலைந்து முறை கூப்பிடும்: செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாய்.

அதுதான் தொல்லை. அந்தப் போனுக்கு ஏதாவது வந்தால் ஹெட்போன் கணினியை விட்டுவிட்டு அங்கே தாவிவிடும். வீட்டிலிருந்தே கணினிவழிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவனின் காதில் ஒரு மணி ஒலிக்கும். அவன் குரல் அந்தப் பக்கம் நின்றுபோகும். திரையில் எல்லாரும் வாயசைப்பார்கள். அவனுக்கு ஒன்றும் கேட்காது. கணினியின் சொந்த மைக்கில் பேசலாம் என்றால், மேல்மாடியில் குளியலறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களான ஒசாகாக்காரர்கள் ஒருமுறை, தாங்கள் பேசுவது தொழிற்சாலையோடா என்று பணிவாகக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை, கூட்டம் முடிந்தபின் குழுத் தலைவர் லுவோ அவனை மட்டும் இருக்கச் சொன்னார். நல்ல மனிதர். சாவு வீட்டில் மூன்று நாளும் வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். சுற்றி வளைத்து ஆரம்பித்தார். வியாழக்கிழமை ஒசாகாவுக்குப் புது மென்பொருளைக் காட்ட வேண்டும், அதை எழுதியவன் லி-யாங், பேச வேண்டியவனும் அவன்தான் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு தடவை நடுவுல அறுந்துச்சுன்னா உனக்குப் பதிலா நம்ம ஜுன்-கையைப் பேசச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதே. இப்பவே மேல, இவன் இன்னும் தேறலையான்னு கேக்கறாங்க."

"புரியுதுண்ணே."

"ஹெட்போனை மாத்து. இல்லன்னா என்ன கோளாறுன்னு பாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டவர், "உன் வீட்டு ரூட்டர்மேல பொட்டலம் இருக்கில்ல? தேதி பாத்தியா?" என்றார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விளையாட்டாகவும்தான் கேட்டார். தைப்பேயில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இயந்திரம் ஒழுங்காக ஓட அதன் தலையில் பச்சைப் பொட்டலம் இருக்க வேண்டும். தேங்காய் வாசனை அடிக்கும் சோளப் பொரி. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளையோ சிவப்பையோ வைத்தால் இயந்திரத்தின் விளக்கும் அந்த நிறத்தில் எரியும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி முடியக் கூடாது. அலுவலக சர்வர் அறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களே மாதம் ஒருமுறை போய்த் தேதி பார்க்கிறார்கள்.

லி-யாங் எட்டிப் பார்த்தான். ரூட்டரின் மேல் பெய்-ருங் வைத்த பொட்டலம். தேதி போன மாதமே முடிந்திருந்தது.

"முடிஞ்சிருச்சுண்ணே."

"அதானே பாத்தேன்" என்றார் லுவோ, நிம்மதியாக.

அவரை அப்படியே நம்ப விட்டான். உண்மைக் காரணத்தைச் சொன்னால், போனை அணைத்துவிடு என்பார். அது ஒரு விரலின் வேலை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். சரியாகவும் இருக்கும்.

மறுநாள் மாலை பெய்-சுவன் வந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வந்து குளிர்பெட்டியைப் பார்த்து, அழுகியதை எறிந்து, புதிதாக எதையாவது வைத்துவிட்டுப் போவாள். சந்தையில் மீன் விற்கிறவள், குரல் பெரிது. இந்த வீட்டுக்குள் வந்தால் மட்டும் தணிந்துவிடும். பேச ஒன்றும் இல்லாததால் அவன் ஹெட்போன் தொல்லையைச் சொன்னான். காரணத்தைச் சொல்லவில்லை. அவளும் நேரே ரூட்டரிடம் போனாள்.

"லி-யாங், படிச்சவன்தானே நீ? முடிஞ்சு போனதைத் தலைமேல வெச்சுக்கிட்டிருந்தா அது எப்படி வேலை செய்யும்?"

குடையை எடுத்துக்கொண்டு கீழே போனவள் முக்குக் கடையிலிருந்து இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். ஒன்றை ரூட்டர்மேல் வைத்தாள். பழையதைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனவள் பாதி வழியில் நின்றாள். அதில் கறுப்பு மையில் தங்கையின் கையெழுத்து: ரூட்டரே, நல்ல பிள்ளையா இரு.

பெய்-சுவன் கூடையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்து கிழியாதபடி அடிப்பக்கமாகப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இறக்கிட்டா தின்னலாம். தப்பில்ல."

இருவரும் தின்றார்கள். பொரி நமத்திருந்தது. பல்லில் ஒட்டியது. மேல்மாடியில் துளைப்பதை நிறுத்தியிருந்தார்கள், மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது படுக்கையறையில் மெல்லிய மணி ஒலித்தது.

பெய்-சுவனின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது. அந்த மணி அவளுக்குத் தெரியும். மீன் கடையில் தங்கை வந்து நிற்கும்போதெல்லாம் கேட்டது.

கையை வெளியே எடுத்துக் கேட்டாள். "என்ன வந்திருக்கு?"

"தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தலையாம்."

"இன்னுமா கேக்குது?"

"தினம் கேக்குது."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முகம் வேறு பக்கம் போய்விட்டது. வெறும் பொட்டலத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். போனைப் பற்றி வேறு கேட்கவில்லை. மிச்சமிருந்த பச்சைப் பொட்டலத்தை மேசைமேல் விட்டுவிட்டு, குளிர்பெட்டியில் வைத்த மீனை இன்றைக்கே பொரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் ஹெட்போன் மறுபடியும் தாவியது. ஒசாகாக்காரர்கள் இல்லாத கூட்டம். ஆனாலும் லுவோவின் முகம் சுருங்கியதைத் திரையில் பார்த்தான்.

மதியம் ஹெட்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த குவாங்ஹுவா கட்டடத்துக்குப் போனான். இந்த வகைக் கடைகளுக்குப் போனாலே அவனுக்கு அலுப்பு வரும். வீட்டில் ஒரு டப்பா நிறையத் தவறாக வாங்கிய சாமான்கள் இருந்தன. படம் காட்டும், சார்ஜ் ஏற்றாத வயர்கள். சார்ஜ் ஏற்றும், படம் காட்டாத வயர்கள். போன வாரம் வயர் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கினான். அவன் மடிக்கணினியில் அதற்குரிய வட்டத் துளை இல்லை. அதற்கொரு இணைப்பான் வாங்கினான். அது பாட்டைக் கேட்க விட்டது, பேசுவதை வெளியே விடவில்லை. எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாம் மாடி மூலைக் கடையில் ஒரு பெண்மணி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிற ஆண்களையெல்லாம் அழகா என்று கூப்பிடுகிறவள்.

"என்ன வேணும் அழகா?"

அவன் சொன்னான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை வாங்கி, அவனுடைய போனோடு சேர்த்து, பாட்டுப் போட்டாள், பேசிப் பார்த்தாள், கடையைச் சுற்றி நடந்தாள். பன்றிக்கறித் துண்டு ஒன்றை மென்றுகொண்டே கால் மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட அறுபடவில்லை.

"எங்கிட்ட நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் மக்கர் பண்ணுதுன்னா கோளாறு வீட்டுல இருக்கு. வேற யார் போனோடயாவது சேத்திருக்கியா?"

"மனைவி போனோட."

"அதான் விஷயம். அங்க ஏதாவது வந்தா இது உன்னை விட்டுட்டு அவங்ககிட்ட ஓடிருது. செலவே வேணாம். அவங்க போன்ல ப்ளூடூத்தை அணைக்கச் சொல்லு."

லி-யாங் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தான். வண்ண விளக்கு எரியும் மவுஸ்கள் வரிசையாக இருந்தன.

"என்ன, சொல்லப் பயமா?"

"சொன்னாலும் கேக்க மாட்டா."

அவள் சத்தமாகச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் பக்கத்துக் கடையில என்னைப் பத்தி இதேதான் சொல்லிட்டிருக்காரு." ஹெட்போனைத் திருப்பிப் பிடித்தாள். "சரி விடு, அவங்களுக்குத் தெரியாமலே பண்ணிரலாம். இந்த ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கினா பழசு எல்லாத்தையும் மறந்துரும். அப்புறம் உன் கணினியை மட்டும் சேத்துக்க."

அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் பொத்தான்மேல் போயிருந்தன.

"வேணாம்."

நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டான். பக்கத்துக் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் விரல்களை எடுத்தாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பில்லாமல், ஹெட்போனைத் துணியால் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உன் மடிக்கணினி என்ன மாடல்?"

சொன்னான். அவள் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். மெல்லிய வயர், நுனியில் டைப்-சி முனை, வாய்க்கருகே சின்ன மைக். அழகாக இல்லை. வங்கிகளில் போன் எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது. அவன் கணினியோடு ஒத்துப்போகும், போகாவிட்டால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

"இது எங்கயும் ஓடாது. குத்தின இடத்துல இருக்கும்." பையில் போட்டுக் கொடுக்கும்போது, "அதை அப்படியே வெச்சுக்க" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை வயரைக் குத்தி ஹெட்போனை மாட்டினான். எந்தக் குரலும் எதுவும் சொல்லவில்லை. அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பழக்கத்தில் சற்றுநேரம் காத்திருந்தான்.

ஒசாகாவிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். லி-யாங் பேசினான். இரண்டாவது பகுதியில், வெப்பக் கட்டுப்பாட்டை விளக்கும்போது, படுக்கையறை மணி ஒலித்தது. புது ஹெட்போன் ஒரு காதைத்தான் மூடும், மறு காதில் தெளிவாகக் கேட்டது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தான். அடுத்ததை ஆரம்பித்தான். ஒன்றும் அறுபடவில்லை. ஒசாகாக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், ஒருவர் மட்டும் கடினமான கேள்வி ஒன்று கேட்டார். அதற்கும் பதில் இருந்தது.

எல்லாரும் போனபின் லுவோ மட்டும் திரையில் நின்றார்.

"நல்லா இருந்துச்சு. சத்தம் கண்ணாடி மாதிரி. பொட்டலத்தை மாத்தினியா?"

"மாத்தினேண்ணே."

"பாத்தியா" என்றார்.

கணினியை மூடிவிட்டு, மேசைமேல் இருந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். இழுப்பறையைத் திறந்தான். போன் சூடாக இருந்தது. திரையில் வாடிய செடி ஒன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கறுப்புப் பேனாவைத் தேடினான். அவள் வைத்த இடத்தில், அவளுடைய வரைபலகைக்குப் பின்னால் இருந்தது. காய்ந்துபோயிருக்கும் என்று நினைத்தான். எழுதியது.

இயந்திரத்தின் பெயரை முதலில் எழுத வேண்டும். பெய்-ருங்கின் போன் என்று எழுதினான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவள் பெயரை அவன் எழுதவில்லை. எழுத்து கோணலாக வந்தது. சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தான்.

"பெய்-ருங்கின் போன். நல்ல பிள்ளையா இரு."

குரல் கரகரத்தது. காலையிலிருந்து பேசியதால் இருக்கலாம்.

பொட்டலத்தைப் போன்மேல் வைத்து இழுப்பறையைத் தள்ளினான். மூடவில்லை. பொட்டலம் உப்பலாக இருந்தது, அமுக்கினால் வெடிக்கும். திருப்பி வைத்துப் பார்த்தான், படுக்க வைத்துப் பார்த்தான். அப்படியே திறந்து விட்டான்.

தேதியைப் பார்த்தான். அடுத்த ஆண்டு ஜூலைவரை இருந்தது. அதற்கப்புறம் மாற்ற வேண்டும். மாற்றுவதா, அணைப்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் மீன் இருந்தது ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமையே பொரிக்கச் சொன்ன மீன். முகர்ந்து பார்க்க எழுந்து போனான்.