வெள்ளத்தன்று வந்தவர்கள்

ஆபீசில் என் முதல் வேலை பேனா மாற்றுவது. நிஷாவுக்கு நீலம், மேத்யூவுக்குக் கறுப்பு ஜெல். தினம் காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேன் தூக்கப் போவேன். லஸ் பக்கம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

ஆடிட்டர் ஆக வேண்டுமானால் மூன்று வருஷம் ஓர் ஆடிட்டரிடம் வேலை பழக வேண்டும். முடிவில் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இன்ஸ்டிட்யூட் கடைசிப் பரீட்சைக்கு விடும். நிஷாவும் மேத்யூவும் பெரிய கிளையண்டுகளின் பிள்ளைகள். தி.நகரில் கோச்சிங் வகுப்பில் இருப்பார்கள். இங்கே வந்து பழகியவள் கயல் ஒருத்திதான். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து மூன்று பேர் வேலையையும் பார்ப்பாள்.

"முருகையண்ணே, மேத்யூ வந்துட்டாரா?"

"வந்து டீ கூட குட்ச்சிட்டுப் போய்ட்டாரு."

"கூப்டு அவர, என் ஃபைலயும் முடிச்சிக் குடுக்கட்டும்."

டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் ஆபீஸ் மூடிக் கிடந்தது. என் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் ஆபீசிலேயே ஃபைல் கட்டுகளின் மேல் படுத்திருந்தேன். பத்து மணி ஆனதும் கை சும்மா இருக்கவில்லை. கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கையெழுத்தையும் போட்டேன். மூன்று நாளும். கயல் தன் கையெழுத்தைத் தானே போடுகிறவள், அதனால் அவள் கட்டம் காலி.

நாலு மாதம் கழித்து இன்ஸ்டிட்யூட்டிலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். பதிவேட்டைப் புரட்டிய ஒருவர் எங்கள் ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரோடே தெரியாத நாள்ல ரெண்டு பேரும் நீந்தி வந்தாங்களா சார்?"

பதினைந்து நாளில் விளக்கம் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம்தான் கயலுக்கு மூன்று வருஷம் முடிந்தது. அவள் படிவம் ஆடிட்டர் பரத்வாஜ் சார் மேஜையில் இருந்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை காலை சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கயல் சொல்லித்தான் நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், சாருக்கு எதுவும் தெரியாது என்று அதில் இருந்தது.

"சார், அந்தப் பொண்ணு அன்னிக்கி வரவே இல்லியே."

"வந்தாளான்னா கேட்டேன்? அஞ்சு வருஷ ரெஜிஸ்டர் பூரா உன் கைதான். போலீஸுக்குப் போனா உனக்கு ஜெயில். அவ சின்னவ, வேற வேலை பார்த்துப்பா. யோசிச்சுண்டு நிக்காதே."

எனக்கு ஐம்பத்தாறு வயசு. கையெழுத்துப் போட்டேன். அந்த ஆபீசில் என் சொந்தப் பெயரை எழுதியது அன்றைக்குத்தான்.

சார் கயலை உள்ளே கூப்பிட்டார். "நீயே படிச்சுக் காட்டுடா அவளுக்கு."

படித்தேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்து பழகியவன், விரல் வைத்துத்தான் படிப்பேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா படிக்கிறண்ணே," என்றாள். "ஒரு எடத்துல கூட நிக்கல."

பிறகு சாரிடம் திரும்பினாள். "சார், என் ஃபார்ம்?"

சார் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த ஆழ்வார்பேட்டை கிளையண்ட் ரிட்டர்ன் பாக்கி இருக்கே. முதல்ல அதை முடி. அப்புறம் பார்க்கலாம்."

அவள் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு சார் பின்பக்கப் படி வழியாக இறங்கினார். தன் அறையில் ஏசியை அணைக்க வேண்டாம், கதவைச் சாத்தி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சாத்தினேன்.

ஏழு மணிக்கு அவள் வேலையை முடித்துத் தலையைத் தூக்கினாள்.

"சார் உள்ளதான கீறாரு?"

"போன்ல பேசிக்கினு கீறாரு," என்றேன். "குந்து."

அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.